அளவுப் பெட்டிக்குள் நான் பூசிய சந்தனம்

இதை எழுத ஏழு வருடம் தயங்கினேன். எழுதினால் என் மானம் போகும். எழுதாவிட்டால் என் மனைவியின் அண்ணன் பெயர் கெட்டபடியே கிடக்கும்.

மலேசியாவில் லிங்கிப் பக்கம் தோட்டத்து வீடு எங்களுடையது. மின்சாரம் ஏறி இறங்கி ஐஸ்பெட்டி இரண்டு தடவை கருகியது. நஷ்டஈடு கேட்டால் மின்சார ஆபீசில் ஆதாரம் கேட்டார்கள். மச்சான் சின்னக் கணினிப் பலகை ஒன்றை வைத்து, வோல்ட்டை அளந்து மெமரி கார்டில் பதியும் பெட்டி செய்து கொடுத்தார்.

"இந்தப் பக்கம் வீட்டுக் கரண்டு, இருநூத்து நாப்பது. அந்தப் பக்கம் வெறும் அஞ்சு. நடுவுல குட்டி டிரான்ஸ்பார்மர். ரெண்டும் ஒட்டக்கூடாதுன்னுதான் இடைவெளி விட்டிருக்கேன். மூடியக் கழட்டாத மாப்ள."

கோயில் வாசல் மிதிக்காத மனிதர். அவர் எனக்குப் புத்தி சொல்வதா என்று அப்போதே எரிந்தது.

ஆயுத பூசையன்று பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். மூடிமேல் பூசினால் மூடிக்குத்தானே பூசை? பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் சேர இடைவெளிமேலேயே ஈரச் சந்தனத்தை இழுத்துவிட்டேன். மூடி, மறுபடி பிளக்கை மாட்டினேன்.

பெட்டி ஓரத்தில் வெளியே நீட்டியிருந்த கார்டை எடுக்கக் கை வைத்த மனைவியை மின்சாரம் தூக்கி எறிந்தது. மெயின் சுவிட்ச் தானாக விழுந்ததால் பிழைத்தாள். இரண்டு விரல் வெந்துபோனது. மச்சான் வருவதற்குள் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டேன்.

"தங்கச்சியக் கொல்லப் பாத்தியேய்யா!" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

"மூடியத் தொறந்தியா இல்லையா, அத மொதல்ல சொல்லு!"

"தொறக்கல."

"பொய்யி! அம்மன் முன்னால சொல்லுவியா?"

சொன்னேன். ஊர் பார்க்க, கையில் எரிந்த கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். சாமி கும்பிடாதவர் பேச்சை யார் நம்புவார்? அவர் தெமியாங்குக்குக் குடிபோனார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மனைவி இன்றும் தீபாவளிக்கு அண்ணனுக்கென்று ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள்.

போன மாதம் உண்மையை முதலில் அவளிடம் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனவள்தான், இன்னும் பேசவில்லை. பிறகு மச்சான் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்காமலே கேட்டார்.

"ஊர் முன்னால பொய் சொல்லிட்டு, எங்கிட்ட வந்து தனியா மன்னிப்பா? ஊருக்குச் சொல்லு லா. போ."

அதனால் சொல்கிறேன். அவர் பெட்டியில் குற்றமில்லை. அவர் விட்ட இடைவெளியை ஈரத்தால் அடைத்தவன் நான். அம்மன் முன்னால் பொய் சொன்னவனும் நான். படித்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அந்தச் சத்தியத்தையும் சேர்த்து, உள்ளபடியே சொல்லுங்கள்.