மீதிப் போஸ்டர்கள்

கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் அவரைப் போஸ்டர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ ஊழியர் வேலைதான். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து வேதம் படிப்பது, ஜெபிப்பது, பரீட்சையில் கோட்டை விட்டவனுக்கு ஆறுதல் சொல்வது. ஆனால் மனுஷனின் உயிர் அச்சடித்த தாளில் இருந்தது. சட்டையில் எங்காவது காய்ந்த பசை ஒட்டியிருக்கும். "உங்க சட்டைக்கு மட்டும் கஞ்சி தனியா போட வேணாம்" என்பாள் மனைவி.

அந்தக் கிறுக்குக்குக் காரணம் உண்டு. படிக்கிற காலத்தில், ஹாஸ்டல் அறையில் பேச நாதியில்லாமல் கிடந்தபோது, கதவுக்கடியில் யாரோ ஒரு நோட்டீஸைத் தள்ளிவிட்டுப் போனார்கள். "தனியா இருக்கிறாயா? வா, டீ உண்டு" என்று போட்டிருந்தது. டீக்காகத்தான் போனார். போனவர் இருபது வருஷமாகியும் திரும்பவில்லை.

இந்த வருஷம் கூட்டத்துக்கு ஆளே இல்லை. போன முறை போஸ்டரில் ஒரு மலை, ஒரு சூரியன், ஒரு வசனம். பிள்ளைகள் அதைக் காலண்டர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். இந்த முறை நிஜமான முகம் வேண்டும் என்று முடிவு செய்து, முகாமில் எடுத்த படங்களைப் புரட்டினார். இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் டிரைவரின் மகள். வீட்டில் கும்பிடும் சாமி வேறு. வீட்டுக்குத் தெரியாமல்தான் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். கேட்காமல் போடக்கூடாது என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பு நின்னுடும்ண்ணா."

"காலேஜ் கேட்டுக்குள்ள மட்டும்தாம்மா. வெளிய ஒரு தாள் போகாது."

"அப்படின்னா சரிண்ணா. படிப்ப முடிச்சிட்டு அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

நூறு போதும் என்றதும் பிரஸ்காரர் சிரித்தார். "ஐந்நூறுக்குக் கம்மியா மிஷின்ல ஏத்துறதில்ல சார். நூறு அடிச்சாலும் அதே காசுதான்." ஐந்நூறு வந்தது. கல்லூரிச் சுவரெல்லாம் ஒட்டியும் பெரிய கட்டு மீதி. அது வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்து அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

வேறு யாராக இருந்தாலும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவரால் முடியாது. எங்கோ ஒரு விதவை வயிற்றைக் கட்டி அனுப்பிய காணிக்கையில் அடித்த தாள் அது. வீணாக்கினால் கடவுளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இல்லாமல் இல்லை. அவள் வீடு ஊரின் அந்தக் கோடியில், கல்லூரிச் சாலை இந்தக் கோடியில் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விடியற்காலையில் போய் அந்தச் சாலையின் பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் ஒட்டினார். டிரைவருக்கு வீடு ஒரு கோடியிலும் வேலை இன்னொரு கோடியிலும் இருக்கலாம் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

மறுநாள் போன் வந்தது. "அண்ணா, அப்பா பாத்துட்டாரு."

அவர் அந்த வீட்டுக்குப் போனபோது டிரைவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு நாற்காலி கிடைத்தது.

"ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நிறுத்திக் கதவத் திறக்கணும்" என்றார் டிரைவர். "ஒவ்வொரு ஸ்டாப்புலயும் என் பொண்ணு சிரிச்சிக்கிட்டு நிக்கிறா. வண்டியில இருக்கறவங்க அவளப் பாக்கறாங்க, அப்புறம் என்னைப் பாக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவளுக்குத் தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாமலா?"

கேள்வியிலேயே வழி இருந்தது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் பெண் தப்பிப்பாள். போஸ்டர் அண்ணனுக்குப் பொய் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"தெரியாமத்தான் சார். நான் கேக்கவே இல்ல. தப்பு என்னோடதுதான்."

டிரைவர் மூச்சு விட்டார். முகத்தில் கோபம் ஏறவில்லை, பாரம்தான் இறங்கியது. மகள் மேல் தப்பில்லை என்று கேட்கத்தான் அந்த மனுஷன் அத்தனை நேரம் காத்திருந்தார் போலும்.

அப்போது அம்மாவின் பின்னாலிருந்து பெண் முன்னால் வந்தாள்.

"இல்லப்பா. அண்ணன் கேட்டாரு. நான்தான் சரின்னேன். ஒரு வருஷமா அவங்க கூட்டத்துக்குப் போறேன்."

வேண்டாம் என்று போஸ்டர் அண்ணன் கண்ணால் கெஞ்சினார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. "பொய்ய வச்சிக்கிட்டு என்னால ஜெபம் பண்ண முடியாதுப்பா" என்றாள். முகாமில் அவர் நடத்திய பாடமே அதுதான்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ உண்மையச் சொல்றா, நீங்க பொய் சொல்றீங்க. இதுல யாரு யாருக்குச் சாமிய கத்துக்குடுத்தது?" என்று அவரிடம் கேட்டார். பிறகு மகளிடம், சத்தம் உயராமல், "இனிமே காலேஜ் வேணாம்மா" என்றார்.

பெண் தலையாட்டினாள். அம்மா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போஸ்டர் அண்ணன் செருப்பை மாட்டத் தெரியாமல் வாசலில் தடுமாறினார். அந்தச் சாலையில் ஒட்டியதையெல்லாம் அன்றைக்கே நகத்தால் சுரண்டிக் கிழித்தார். நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை.

அந்த வாரக் கூட்டத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்காலி போதாமல் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். கூட்டம் தொடங்குமுன் தலைமை அலுவலகத்திலிருந்து பொறுப்பாளர் போனில் பாராட்டினார். "போஸ்டர் பிரமாதம் பிரதர். அதே படத்தையே மத்த காலேஜுக்கும் அடிச்சிடலாம்."

"அந்தப் பொண்ணு இப்ப படிக்கல பிரதர். நம்மாலதான் நின்னுபோச்சு."

"அடடா. ஜெபத்துல வச்சிக்குவோம். படம் உங்ககிட்ட இருக்குல்ல?"

பதில் சொல்வதற்குள் மேடையிலிருந்து ஆரம்ப ஜெபத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். போய் மைக்கின் முன்னால் நின்று கண்ணை மூடினார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. பிள்ளைகள் அதை மௌன ஜெபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.