ஷூவில் ஒரு ஓட்டை

நாங்கள் மக்காச்சோள மூட்டை இறக்கும் குடோனில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். வெள்ளிமலைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கபடி ஆடுவார். அப்படி ஆடியதில் வலது கால் கட்டைவிரல் நகத்தில் ரத்தம் கட்டிக் கறுத்துவிட்டது. ஷூ போட்டால் உயிர் போகும் வலி. போடாவிட்டால் சூப்பர்வைசர் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். அதனால் ஷூவின் முனையை விரலளவு வெட்டிவிட்டு, நாள் முழுக்க கேட்டில் நின்றார்.

“மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்கண்ணே?” என்றேன்.

“ஷூவும் கருப்பு, நகமும் கருப்பு. எவனுக்குடா தெரியும்?”

“கொஞ்ச நாளு ஆடாம இருங்களேன். நகம் தேறட்டும்.”

“தேறினா வெளுத்துடும். அப்பதான் மாட்டிக்குவேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அடுத்த திங்கட்கிழமை பார்த்தேன். இடது ஷூவிலும் ஓட்டை இருந்தது.