அக்காவின் அட்டையில் வந்த தங்கை

தொழிலாளர் இன்சூரன்ஸ் திட்டம் சென்னைக்கு வந்த புதிதில், திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டிய வாடகைக் கட்டடத்தில் ஒரு டிஸ்பென்சரி திறந்தார்கள். அங்கே எனக்கு வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன், இருபது வயது. ராயபுரத்திலிருந்து காலை ரயிலில் வந்து, கம்பி போட்ட ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்காருவேன். வருகிறவரின் இன்சூரன்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்து, அதே எண்ணுள்ள கோப்பை எடுத்து டாக்டரின் அறைக்கு அனுப்புவது என் வேலை. அட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

அட்டை தொழிலாளிக்கு மட்டும். அவர் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கிடையாது. கான்டிராக்டில் மூட்டை தூக்குகிறவருக்குக் கிடையாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அவர்களைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஒருநாள் ஒரு மில்காரர் ஜுரத்தில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “எனுக்கு ஒடம்பு நல்லாத்தான் கீதும்மா. என் பங்க இவளுக்குக் குடு” என்றார். விதியைச் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. வெயிலில் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒருவர் அட்டையில் இன்னொருவர் வைத்தியம் பார்ப்பது தெரிந்தால் கொடுத்தவர் மேல் வழக்கு, கண்டுகொள்ளாமல் விட்ட சிப்பந்தி மேல் நடவடிக்கை. எந்த நாளும் சோதனைக்கு அதிகாரி வரலாம் என்று டாக்டர் எங்களை எச்சரித்தார். ஐம்பதைத் தாண்டியவர், பட்டாளத்தில் வேலை பார்த்தவர். அதட்டிப் பேசமாட்டார். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்து, கூட்டம் அதிகமாக இருந்த ஒரு திங்கட்கிழமை, இரண்டு பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். மூத்தவளை எனக்குத் தெரியும். எண்ணெய் மில்லில் கடலை பொறுக்குகிறவள். மார்ச்சளிக்கு எங்களிடம் வைத்தியம் பார்த்தவள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றவள் அவளைவிட ஐந்தாறு வயது இளையவள். முகம் அக்காள் தங்கை என்று சொல்லியது. அட்டையை நீட்டியது இளையவள்.

வாங்கிப் பார்த்தேன். அது மூத்தவளுடைய அட்டை.

கோப்பில் அடையாளக் குறி என்ற இடத்தில் ‘இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு’ என்று நானேதான் எழுதியிருந்தேன். ஜன்னல் விளிம்பில் ஊன்றியிருந்த இளையவளின் முழங்கை வழவழவென்று இருந்தது. நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் தன் முழங்கையை மூடிக்கொண்டாள்.

“கால்ல இன்னா?” என்று கேட்டேன்.

“கெளுத்தி முள்ளு குத்திக்கிச்சு” என்றாள் மூத்தவள். “கூடையிலேர்ந்து வியுந்தத மிதிச்சிட்டா. நாலு நாளாவுது.”

பாதம் பானைபோல் வீங்கியிருந்தது. தோல் மினுமினுத்தது. கணுக்காலுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பினார்கள். சுற்றறிக்கை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனவரின் முதுகு நினைவுக்கு வந்தது. நான் கோப்பை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு, உள்ளே அனுப்பிவிட்டேன்.

உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இளையவள் உள்ளே போனதும் மூத்தவள் ஜன்னலருகே ஒதுங்கி நின்றாள். எனக்கு நன்றி சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. அதனால் வேறு ஏதேதோ பேசினாள்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னா வரமாட்டேன்றா. கால வெட்டிடுவாங்கன்னு பயம். புருசன் கடலுக்குப் பூட்டான். மீனு விக்காம வூட்ல குந்திகினு கீறா. ஊசின்னாலும் பயம் அதுக்கு. போன வருசம் தெருவுல கம்பவுண்டரு ஒருத்தரு பென்சிலின் போட்டாரு. போட்டவொடனே ஒடம்பெல்லாம் தடிச்சி, மூஞ்சி வீங்கி, மூச்சு நின்னுப்பூட்ச்சும்மா. பொயச்சதே பெரிசு.”

நான் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“இத டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னியா?”

அவள் விழித்தாள். “நான்னு நெனச்சிகினு பேசுன்னு சொல்லிக் குடுத்தேன். எனுக்கு ஊசி போட்டப்ப ஒண்ணும் ஆவலியே. அதத்தான் சொல்லுவா.”

மூத்தவளின் மார்ச்சளிக்கு டாக்டர் போட்டது பென்சிலின்தான். ‘ஒத்துக்கொண்டது’ என்று அவர் கையெழுத்தில் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை நான்தான் உள்ளே அனுப்பியிருந்தேன்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. நடைவழி முழுக்க ஆட்கள். “வரிசைல வாம்மா” என்று யாரோ என்னையே அதட்டினார்கள். தள்ளிக்கொண்டு ஓடினேன். டாக்டரின் அறையில் அவள் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். டாக்டர் மருந்தை ஏற்றிய ஊசியை மேலே தூக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

“முன்னாடி இந்த ஊசி போட்டிருக்கே இல்ல? ஒண்ணும் செய்யலையே?” என்று கேட்டார்.

“போட்டுகினு கீறேன் டாக்டரய்யா. ஒண்ணும் ஆவல” என்றாள் அவள். மனப்பாடம் செய்த குரல்.

“போடாதீங்க டாக்டர்!”

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் திரும்பினார். எனக்குப் பின்னாலேயே ஓடிவந்த மூத்தவள் வாசற்படியில் நின்று, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். நான் சொன்னால் அவள் மேல் வழக்கு வரும், மில் வேலையும் போகலாம். என் வேலை போவது நிச்சயம். ஊசி முனையில் ஒரு துளி நின்றது.

“இவங்க அட்டைக்காரி இல்ல டாக்டர். அவங்க தங்கச்சி. போன வருஷம் பென்சிலின் போட்டு மூச்சு நின்னிருக்கு. தெரிஞ்சுதான் நான் உள்ள அனுப்பினேன்.”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“உன் பேர் என்னம்மா?” என்று பெஞ்சில் இருந்தவளைக் கேட்டார்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகுதான் தங்கை தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் பாதத்தைக் கீறிச் சீழை எடுத்தார். நான் விளக்கைப் பிடித்தேன். உள்ளே ஒடிந்து கிடந்த முள்ளைப் பிடுங்கியபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டும் உடைந்தன. சல்பா மாத்திரை கொடுத்து, பென்சிலின் கூடாது என்று பெரிய எழுத்தில் கடிதம் எழுதி, டிஸ்பென்சரி வேனிலேயே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். தனித்தாளில், ‘அட்டை இல்லாதவர். உயிருக்கு ஆபத்து. என் பொறுப்பில் சிகிச்சை அளித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இரக்கப்பட்டது தப்பில்ல. அதை எங்கிட்ட சொல்லாம விட்டியே, அதுதான் தப்பு. அட்டை இல்லாதவங்கன்னு சொல்லியிருந்தா நான் காலைப் பார்த்திருக்கமாட்டேனா? நீ அனுப்பினது வேற ஒருத்தியோட உடம்பை. அதை நம்பி நான் இவளைக் கொன்னிருப்பேன்.”

அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உடைந்த வளையல் கீறிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் விளக்கத்தை எழுத்தில் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். வேலை தப்பியது. ஆறு மாதம் மருந்துக் கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன். மூத்தவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வழக்கு வேண்டாம் என்று டாக்டர் நேரிலேயே போய்ப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதோடு மேலிடத்துக்கு அவர் ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். அதைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து என்றால் அட்டை கை மாறத்தான் செய்யும். கை மாறினால் உயிர் போகும். குடும்பம் முழுவதையும் சேர்ப்பதுதான் இதற்கு வழி என்பது அதன் சாரம். பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர் மறுபடியும் எழுதினார். எங்களைப்போல வேறு எத்தனை டிஸ்பென்சரிகளிலிருந்து எழுதினார்களோ, எனக்குத் தெரியாது.

தங்கையின் கால் பிழைத்தது. இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. இழுத்து இழுத்து நடந்தாலும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

சில வருஷங்கள் கழித்து, தொழிலாளியின் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று உத்தரவு வந்தது. அதற்குள் நான் பழைய ஜன்னலுக்குத் திரும்பியிருந்தேன். விண்ணப்பப் பாரம் எழுத வந்த வரிசை ரயில் கேட் வரை நின்றது. மூத்தவளும் வந்தாள். புருஷன் பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் சொன்னாள். எழுதி முடித்துப் பாரத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

“தங்கச்சி பேரு?” என்று கேட்டாள்.

“கூடப்பொறந்தவங்க வரமாட்டாங்க. அவங்களுக்கு இதுல எடமில்ல” என்றேன்.

அவள் பாரத்தில் காலியாக இருந்த வரியை விரலால் தொட்டாள். “அப்போ அதுக்கு யாரு எயுதுவாங்க?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். பெருவிரலை ஒற்றி வைத்துவிட்டு, முதல்முறையாகப் பிள்ளைகளைக் காட்ட அவர்களை இழுத்துக்கொண்டு அவள் டாக்டரின் அறைக்குப் போனாள்.