ஒரு வீடு, இரண்டு அடுப்பு

எதிர் ஃபிளாட்டில் கூடத்தைத் தடுத்துச் சுவர் எழுப்புகிறார்கள். பையனுக்குக் கல்யாணம், தனி அறை வேண்டுமாம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஈரச் செங்கல் வாசனை என் வீட்டுக் காபி வரைக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், கோட்டு போட்ட ஒருவர் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தநிலை வரப்போகிறது என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வளரும் நாடுகள் சற்றே பாதிக்கப்படலாம்" என்றார். அந்தச் 'சற்றே'யைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். மனைவி டிவியை அணைத்துவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள்.

அவளுக்கு ஏழுமலையைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

நெய்வேலியில் அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டவுன்ஷிப்பின் எல்லா பிளாக்குகளையும் சைக்கிளில் சுற்றி வந்துகொண்டிருந்தேன். அதற்கு மேல் சுற்ற பிளாக் இல்லை என்றானபோது, அப்பா என்னை ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை. பெர்மனென்ட், காண்ட்ராக்ட். பெர்மனென்ட் என்றால் பெண் கொடுப்பார்கள், கடையில் கடன் கொடுப்பார்கள், கருத்துச் சொன்னால் காது கொடுப்பார்கள். காண்ட்ராக்ட் என்றால் டீ மட்டும் கொடுப்பார்கள், அதுவும் காசை வாங்கிக்கொண்டு.

புது நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிறது என்று ஊரே பேசிய காலம் அது. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்தன. புதுச் சுரங்கத்துக்குப் புது இயந்திரம். மண்ணை வெட்டி வாரும் அந்தப் பெரிய இயந்திரம் கப்பலில் துண்டு துண்டாக வந்து, பெட்டி பெட்டியாக எங்கள் யார்டில் இறங்கியது. பாதி வந்தது. மீதி வரவில்லை. வந்த பாதி துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவி, தார்ப்பாய் மூடி வைப்பதுதான் எங்கள் வேலை. கிரீஸ் வாசனை சோற்றிலும் இருக்கும், தலையணையிலும் இருக்கும். அம்மா என் சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். அங்கே என்னோடு கிரீஸ் தடவியவன்தான் ஏழுமலை.

அவன் ஊர் புதுச் சுரங்கத்துக்காக எடுக்கப்போகும் ஊர்களில் ஒன்று. நிலத்தை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கிடைத்த பணம் கரைந்துகொண்டிருந்தது. வீடுகள் மட்டும் மிச்சம். சுரங்கத்தில் வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று ஒரு பேச்சு. யார் சொன்னார்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு வேலை என்றால் எது வீடு? தனி வாசல், தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு. அவ்வளவுதான், ஊருக்குள் செங்கல் வண்டிகள் வர ஆரம்பித்தன. இடிக்கப்போகிற ஊரில் யாராவது சுவர் கட்டுவார்களா? அந்த ஊரில் கட்டினார்கள்.

ஏழுமலை வீட்டிலும் கட்டினார்கள். அண்ணன் கலியபெருமாள், அண்ணி, பிள்ளைகள் ஒரு பக்கம். கல்யாணமாகாத ஏழுமலையும் அம்மாவும் இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை கலவை குழைக்க நானும் போனேன். புது அடுப்பென்று தெரியக் கூடாதே என்று அண்ணி பச்சைத் தழையைப் போட்டு எரித்து, புதுச் சமையல் மூலையைக் கரியேற்றினாள். நாங்கள் எல்லோரும் இருமிக்கொண்டே சிரித்தோம். அவன் அம்மா மட்டும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம் காயறதுக்குள்ள வேலைக்கு ஆர்டர் வந்துடுமாடா?" என்று கேட்டார்.

"வந்துடும்மா. வந்ததும் நானே கடப்பாறைய எடுத்து இடிச்சிடறேன்" என்றார் கலியபெருமாள். நல்ல மனிதர். ஏழுமலைக்கு அப்பா இல்லாத குறையைத் தெரியவிடாமல் வளர்த்தவர்.

சுவர் மட்டும் போதாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பொய்யாகப் பிரிந்த வீடு என்று தெரிந்தால் இரண்டு வேலையும் போய்விடுமாம். அதனால் அண்ணனும் தம்பியும் தெருவில் ஒரு சண்டை போட்டார்கள். முதல் நாள் யார்டில் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்று என்னிடம் ஒத்திகை பார்த்தான் ஏழுமலை. மறுநாள் கலியபெருமாள் ஒரு சொம்பைத் தூக்கித் தெருவில் எறிந்தார். "இன்னாத்துக்குடா என் வூட்டு வாசப்படிய மிதிக்கிற?" என்றார். ஏழுமலை மண்ணை வாரித் தூற்றினான். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டேன். சாயங்காலம் அண்ணி சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணத்தை நீட்டினாள். "நல்லாத்தான் திட்டினீங்க ரெண்டு பேரும்" என்றாள்.

ஆர்டர் வரவில்லை. சுவர் காய்ந்தது.

அப்போதுதான் எங்கள் டீக்கடையில் 'டாலர்' என்ற சொல் புழங்க ஆரம்பித்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்த கஷ்டமெல்லாம் மண்ணெண்ணெய் க்யூவும் அரிசி விலையும்தான். அரபு நாட்டில் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, நான் மெத்தப் படித்தவன் போல ஏழுமலையிடம், "நமக்கு நல்லதுதான்டா. எண்ணெய் விலை ஏறினா நம்ம கரிக்கு மவுசு. சீக்கிரம் சுரங்கம் தோண்டுவாங்க" என்றேன். இவ்வளவு பெரிய பொருளாதார மேதையை அந்த யார்டு கிரீஸ் தடவ வைத்திருந்தது.

டீக்கடையில் பேப்பர் படிக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு. அவர் என் மேதைத்தனத்தை ஊதிவிட்டார். "கரி மண்ணுல கெடக்குது, சரி. அத எடுக்கிற மெஷின் எங்கருந்து வரணும்? அதுக்கு டாலர்ல, வெளிநாட்டுக் காசுல குடுக்கணும். கைல இருக்கற காசு பூரா எண்ணெய்க்கே பூடுது. அங்க வெளிநாட்டுக்காரனுக்கே வியாபாரம் படுத்துக்கினு இருக்குது, வட்டிய ஏத்திட்டான். நம்ம சர்க்கார் கடனுக்குப் போயி நிக்குது. கடன் குடுக்கறவன் சும்மா குடுப்பானா? செலவக் கொற, ஆள் எடுக்காதேங்கறான்."

ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்தான். "அவன் யாருங்க? எங்க ஊர அவன் பாத்திருக்கறானா?"

எலக்ட்ரீஷியன் பேப்பரை மடித்துக்கொண்டார். அவர் சொன்னது எவ்வளவு சரியோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மீதிப் பெட்டிகள் வரவில்லை, புதிதாக ஆள் எடுக்கவில்லை. இது இரண்டும் தெரியும். எங்கேயோ இடிக்குது, எங்கேயோ மழை பெய்யுது என்பார்கள். எங்களுக்கு மழை இல்லை, இடி மட்டும் எங்கள் தலையில் விழுந்தது.

அடுத்து காண்ட்ராக்டர் எங்களை நிறுத்தினார். வராத பாதிக்காக வந்த பாதியைக் காப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று மேலே கேட்டார்களாம். நான் அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன், வெட்கமாக இருந்தாலும் சோறு இருந்தது. ஏழுமலைக்கு நிலமும் இல்லை, கூலியும் இல்லை. கலியபெருமாளுக்கும் அதே கதி. சுற்றுவட்டாரத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்ட ஊர் அத்தனையும் கூலிக்கு அலைந்தது. கரும்பு வெட்டப் போனால் அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் நிற்பார்கள். சுவருக்கு மேலே கிண்ணம் வருவது நின்றது. அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். கிண்ணத்தில் போட ஏதாவது இருந்தால்தானே நீட்டுவாள்?

ஒருநாள் ஏழுமலை சொல்லி அனுப்பினான், அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். தெருவில் அண்ணனும் தம்பியும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதே இடம், அதே வேப்பமரம். சுற்றிலும் கூட்டம். யாரோ ஆபீசர் வந்திருக்கிறார் போலிருக்கிறது, மறுபடி நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏழுமலையைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "உனக்கு மட்டும் அம்மா இல்லியா? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போக வண்டிக் கூலிக்குக் கேட்டா, கதவச் சாத்தறியே!" என்றான்.

கலியபெருமாள் நிதானமாகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் அந்த நிதானம்தான் காதில் இருக்கிறது. "உன் கார்டுலதான இருக்கறா. உன் வூட்டு ஆளுதான். நீ பாரு."

இவர்கள் நடிக்கவில்லை. எப்போது நடிப்பதை நிறுத்தினார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. தினமும் ஊர் பார்க்கப் பேசாமலிருந்து, ஊர் பார்க்கத் திட்டி, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று அதட்டி, அந்தப் பழக்கம் பசியோடு சேர்ந்துகொண்டது. கலியபெருமாள் கெட்டவரில்லை. உள்ளே அவர் பிள்ளைகள் பசியில் அழும் சத்தம் எனக்கும் கேட்டது. ஆனாலும் அன்றைக்கு அவரை அடித்துவிடலாம் போலிருந்தது.

என் சைக்கிளில்தான் அம்மாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், சத்தாகச் சாப்பிடச் சொன்னார்கள். திரும்பி வந்து பாயில் படுத்ததும் அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பிள்ளைகள் பேசுவது கேட்கும்.

"இடிச்சிடுங்கடா. எனக்கு எந்த வேலையும் வாணாம்" என்றார்.

"இத்தினி நாளு பொறுத்துட்டோம். ஆர்டர் வரட்டும்மா" என்றான் ஏழுமலை. அவன் வேறு என்ன சொல்வான்? சுவரை இடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். இடிக்காவிட்டால் அம்மா இப்படியே படுத்திருப்பார். பக்கத்து வீடுகளில் எல்லாம் இதே சுவர், இதே பதில். அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை, எதுவும் காது கொடுக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குள் அம்மா போய்விட்டார். தாய்க்குக் கடைமகன் என்று ஏழுமலை கொள்ளி வைத்தான். கலியபெருமாள் அக்கம்பக்கத்தார் வருவதுபோல மாலையோடு வந்து, வாய்க்கரிசி போட்டுவிட்டு, கூட்டத்தில் ஒருவராக ஒதுங்கி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அன்று இரண்டு அடுப்பும் எரியவில்லை.

சில வருஷம் கழித்து மீதிப் பெட்டிகளும் வந்தன. உலகத்துக்கு எப்படியோ சரியாகிவிட்டதாம். ஆள் எடுத்தார்கள். ஏழுமலைக்கு வேலை கிடைத்தது. கலியபெருமாளுக்கு அதற்குள் வயது தாண்டிவிட்டது. நான் அப்போது சென்னையில் ஒரு லாரி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழுமலை குவார்ட்டர்ஸ் வாங்கியதும் அண்ணனைக் குடும்பத்தோடு வந்து இருக்கும்படி கூப்பிடப் போனானாம். கதவு திறக்கவில்லை. ஊரைக் காலி செய்தபோது கலியபெருமாள் அண்ணியின் ஊரான மேல்பட்டாம்பாக்கம் போய்விட்டார். கடைசிவரை கரும்பு வெட்டினார் என்று கேள்வி.

ஏழுமலை ரிட்டயர் ஆன வருஷம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். இருவரும் சுரங்கத்தைப் பார்க்கும் மேட்டில் போய் நின்றோம். அண்ணனைப் பார்ப்பது உண்டா என்று கேட்டேன்.

"செத்துட்டாருப்பா. சாவுக்கு எனக்குச் சொல்லி வுடல. நாங்கதான் வேற வூடாச்சே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

ஊர் எங்கே இருந்தது என்று தேடினேன். கோயில் இல்லை, வேப்பமரம் இல்லை, தெரு இருந்த மண்ணே இல்லை. ஊரின் அடியில் இருந்த கரியையும் எடுத்து என்றைக்கோ எரித்தாகிவிட்டது. கண்ணுக்கு எட்டியவரை பள்ளம்தான். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை என் தோளைத் தட்டி, பள்ளத்துக்கு மேலே, எதிரே, வெறும் காற்றில் ஓரிடத்தைக் காட்டினான்.

"கீழ இல்லப்பா. அதோ, அந்த உசரத்துலதான் அம்மா படுத்துக்கினு இருந்துச்சி."