அத்தையின் உளவுத்துறை

நான் வேலை பார்ப்பது வெளிநாட்டில், ஒரு சிறிய அலுவலகத்தில். அந்த நாட்டு உளவுத்துறைகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நாங்கள் அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, உளவுத்துறைக்கும் இல்லை. யாராவது தன்னை வேவு பார்ப்பதாகப் புகார் கொடுத்தால், வேவு பார்த்தவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்போம். “உளவாளிக்கே உளவாளியாடி நீ?” என்று என் அத்தை வாயைப் பிளப்பார்.

போன விடுமுறைக்குச் சொந்த ஊரான யாங்கூன் வந்தபோது, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் முகத்தில் களையில்லை. தங்கை விரும்பிய பையனைப் பேசி முடிக்க ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் வருவதாக இருந்தது. அதற்குள் அத்தை குட்டையைக் குழப்பிவிட்டார். பையன் தினமும் சாயங்காலம் லத்தா பேட்டையில் ஒரு பீர் கடைக்குள் போகிறானாம், தள்ளாடிக்கொண்டு வெளியே வருகிறானாம். வரவேண்டாம் என்று சொல்லிவிட அப்பா தயாராகிவிட்டார்.

“சின்லோன் விளையாடப் போறேங்கிறாரு அக்கா. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க” என்று தங்கை அழுதாள். சின்லோன் என்பது பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டும் ஆட்டம்.

“நீ போயி அந்தப் பயல விசாரி” என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவனை ஏன் விசாரிக்க வேண்டும்? அத்தையை உட்காரவைத்தேன்.

“அத்தே, அவரு குடிச்சத நீங்க பாத்தீங்களா?”

“பஸ்ஸுல இருந்து பாத்தேன். கடைக்குள்ள போனான், நொண்டிக்கிட்டு வந்தான். நான் மட்டுமா சொல்றேன்? பூக்காரம்மாவும் அதத்தான் சொல்லுது.”

“பூக்காரம்மா பாத்துச்சா?”

“அது அடுத்த பேட்டையில, கியாக்டடால விக்கிது, எங்கேருந்து பாக்கும்? நாந்தான் அதுகிட்ட சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரே செய்தி ஊரைச் சுற்றித் திரும்பி வந்து இரண்டு சாட்சியாக நிற்பதைப் பெரிய பெரிய உளவுத்துறைகளிலேயே பார்த்திருக்கிறேன். அத்தை அவர்களுக்குச் சளைத்தவர் இல்லை.

அன்று சாயங்காலமே அவரையும் இழுத்துக்கொண்டு லத்தா போனேன். அந்தக் கடைக்குள் நுழைந்துதான் பின்பக்கத்து முற்றத்துக்குப் போக முடிந்தது. அங்கே லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிய ஆட்கள் வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நம் பையன் எம்பிக் குதித்துப் பந்தைத் தவறவிட்டு, கால் பிசகி உட்கார்ந்தான்.

“ஐயோ, குடிச்சிருந்தாக்கூட இதவிட நல்லா ஆடியிருப்பான்!” என்றார் அத்தை. ஆனாலும் இருட்டும்வரை அங்கிருந்து கிளம்ப மாட்டேன் என்றுவிட்டார். யார் பந்தை நல்லபடியாகத் தட்டினாலும் கைதட்டினார்.

திரும்பி வந்தபோது தங்கை வாசலில் நின்றாள். அவளைக் கண்டதும் என் வாயில் தானாக வந்தது: “விசாரிச்சாச்சு. தப்பு எதுவும் நடக்கல.” புகார் கொடுத்தவர்களிடம் நாங்கள் சொல்லக்கூடியது அவ்வளவுதான். என்ன பார்த்தோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. முடிவைச் சொன்னதும் போனில் அவர்கள் கேட்பதையே தங்கையும் கேட்டாள்.

“அவ்வளவுதானா அக்கா?”

“இல்லடி, உக்காரு” என்றேன்.

பூக்காரம்மாவில் ஆரம்பித்து, கடை, முற்றம், கால் பிசகியது, அத்தை கைதட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள், நடுவில் அழுதாள், முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷ வேலையில், கேட்டவருக்கு முழுசாகப் பதில் சொன்னது அன்றுதான்.