பதினொன்றாவது அருள் நிறைந்த மரியே

கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

பிழைப்புக்கு வந்த மல்லாபூரில் தமிழ்க் குடும்பங்கள் நாங்கள் வீடு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்வோம்: பத்துப் பத்தாக ஐம்பது 'அருள் நிறைந்த மரியே'. முன்னால் சொல்பவர் சேவியர் அண்ணன். "சேவியர் அண்ணன் சொன்னா மாதா பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள் என் மனைவி. எனக்கு வயிறு எரியும். அவர் எங்கே தவறுவார் என்று மணி மணியாக எண்ணுவேன்.

ஒருநாள் சிக்கினார். கூட்டத்தில் வாய் திறக்காத நான், "அண்ணே, இந்தப் பத்துல பதினொண்ணு சொல்லிட்டீங்க" என்றேன்.

"ஆமா தம்பி. ஒண்ணு சொல்லும்போது புத்தி ஃபேக்டரிக்குப் போயிருச்சு. அதான் அதை மாதாகிட்ட திரும்பச் சொன்னேன்" என்றார்.

அன்று நான் ஐம்பதையும் திரும்பச் சொல்ல வேண்டியவன். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அவர்மேல் பொறாமை இன்னும் போகவில்லை. இப்போது அதையும் மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் முதல் மணியைத் தொடுகிறேன்.

எழுதியது: ஜெபமாலை மாதத்தின் கடைசி நாள், அக்டோபர் 31.