பர்மா கப்பலும் பதினோராம் கேள்வியும்

டிராவல்ஸ் நடத்துகிறவர்களைப் போல ஊர் சுற்றாத ஜனங்களை நீங்கள் பார்க்கவே முடியாது. கடலூர் செம்மண்டலத்தில் ஆபீஸ் வைத்துக்கொண்டு காசி, துபாய், சிங்கப்பூர் என்று அத்தனை பேரையும் அனுப்பியிருக்கிறேன். நான் போன தூரம் பாண்டிச்சேரி, அதுவும் பல் பிடுங்க. சிதம்பரத்தில் எங்களுக்கு இன்னொரு கவுண்டர் உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் என் அக்கா வீட்டுக்காரர், கலியமூர்த்தி மாமா.

போன வருடம் சென்னையிலிருந்து பர்மாவுக்கு ஒரு உல்லாசக் கப்பல் விட்டார்கள். ரங்கூனில் இரண்டு நாள் நிற்கும். அங்கே ராணுவ ஆட்சி என்பது ஊருக்கே தெரியும். கப்பல் கம்பெனி அனுப்பிய கலர் நோட்டீஸில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற யாராவது இதைப் படித்தால், நான் பட்டது அவர்களுக்காவது புரியும்.

முதல் கேள்வி

முதலில் வந்தவர் அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி. மனைவியையும் கூட்டி வந்திருந்தார். எனக்கு அன்றைக்கு என்ன நல்ல புத்தி வந்ததோ, அங்கே ராணுவ ஆட்சி நடக்கிறது, சில இடங்களில் சண்டைகூட நடக்கிறது, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பயந்துவிட்டாரோ, ஒரு பார்ட்டி போச்சோ என்று நினைத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “ஆட்சிய யாரு வேணா பண்ணிட்டுப் போறாங்க, அத வுடும்மா. கப்பல்ல காலையில இட்லி குடுப்பாங்களா, இல்ல அந்த காஞ்ச ரொட்டிதானா?”

கேன்சல் செய்த பேராசிரியர்

சிதம்பரத்தில் மாமாவிடம் டிக்கெட் போட்டிருந்த ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவர், ஒரு வாரம் கழித்து வந்து கேன்சல் செய்யச் சொன்னார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார் மாமா. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஒப்பவில்லை என்றார். நாம் துறைமுகத்தில் கட்டுகிற கட்டணம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்று யோசித்தாராம். மாமா விடுகிற ஆளா? “சார், நீங்க போகலன்னா அங்க பஸ் ஓட்டுறவன், பூ விக்கிறவ, அவுங்க பொழப்பும்தான போவுது” என்று மடக்கினார். அதுவும் வாஸ்தவம்தான் என்று ஒப்புக்கொண்டார் பேராசிரியர். ஆனாலும் கொடுத்த கேன்சல் ஃபாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மாமா இதை போனில் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றுகூடச் சொன்னேன். கிளம்பும்போது அவர் சொன்னதை மாமா வார்த்தை மாறாமல் சொன்னார், அதற்கும் சிரித்தோம்: “நான் போறதும் போகாததும் அந்த ஆட்சிக்கு ஒண்ணுதான் கலியமூர்த்தி. அவுங்க காட்டுற எடத்த மட்டும் பாத்துட்டு, நல்லாருந்துச்சுன்னு இங்க வந்து சொல்லுவேன் பாருங்க, அதுக்குத்தான் பயமா இருக்கு.”

விதிமுறைகள்

கிளம்புவதற்கு முன் எல்லோரையும் ஆபீஸுக்கு வரவழைத்து, கம்பெனி அனுப்பிய விதிமுறைகளை வாசித்தேன். கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகக்கூடாது. கைடு சொல்லும் இடத்தில்தான் நிற்க வேண்டும். சீருடைக்காரர்களைப் படம் எடுக்கக்கூடாது. அரசாங்கத்தைப் பற்றி யாரோடும் பேசக்கூடாது. சொன்ன நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். வாசிக்க வாசிக்க என் குரலே எனக்கு ஹெட்மாஸ்டர் குரல் மாதிரி கேட்டது.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பக்கத்தில் இருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுல புதுசா ஒண்ணுமில்ல மேடம். கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் இப்படித்தான் இருக்கேன்.”

பதினோராம் கேள்வி

அன்றைக்கு ஆபீஸே சிரித்தது, ஒருவரைத் தவிர. அவர் வேலாயுதம் சார். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், என் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் பிறந்ததே ரங்கூனில்தான். அங்கிருந்த தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறி வந்த காலத்தில், ஏழு வயதுப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு வந்து இறங்கியவர். அவருடைய அக்கா பாக்கியத்துக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்ததால் புருஷனோடு அங்கேயே தங்கிவிட்டார். அதற்கப்புறம் அறுபது வருடமாக நேரில் பார்க்கவில்லை. இப்போது லைன் கிடைக்கிற அன்றைக்கு போனில் முகம் பார்த்துக்கொள்வதோடு சரி. மற்றவர்களெல்லாம் ஊர் பார்க்கப் போனார்கள். இவர் அக்காவைப் பார்க்கப் போனார். இரண்டாம் நாள் கோயில் பார்க்க பஸ்ஸை நிறுத்துவார்கள், நம் ஜனங்கள் கும்பிடும் அம்மன் கோயில், அக்கா அங்கே வந்து நிற்பதாக ஏற்பாடு.

“போலாமா பாப்பா? நான் போறதால அவளுக்கு எதுனா தொந்தரவு வருமா?” என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். தெரியவில்லை என்பதுதான் உண்மையான பதில். “டூரிஸ்ட்டுக்கு என்ன சார் தொந்தரவு, தாராளமா போய்ட்டு வாங்க” என்றேன். விசா ஃபாரத்தையும் நானே நிரப்பினேன். பதினோராவது கேள்வி, அந்த நாட்டில் உறவினர் யாரும் இருக்கிறார்களா, இருந்தால் பெயர், முகவரி. எந்த ஃபாரத்திலும் ‘ஆம்’ என்று எழுதினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்துக் காகிதம் வரும் என்பது என் தொழில் அனுபவம். கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துக்கு அவர் பக்கம் திருப்பினேன்.

என் மேல் இருந்த நம்பிக்கையில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் வாசித்துப் பார்த்துக் கேட்டார்: “இருக்காளே பாப்பா. உசுரோட இருக்கறவள எப்படி இல்லன்னு எழுதறது?”

நல்லாருந்துச்சு

எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். கேஷியர் எனக்கு ஒரு அரக்குக் கிண்ணம் வாங்கி வந்திருந்தார். போனில் எடுத்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிக் காட்டினார். கோபுரம், ஏரி, மறுபடியும் கோபுரம். பயமாக இருந்ததா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “பயமா? இவ்ளோ அமைதியான ஊர நான் பாத்ததில்ல மேடம். ஒரு கூட்டம் இல்ல, ஒரு கோஷம் இல்ல, யாரும் வாயத் தொறந்து சத்தமாக்கூட பேசல.”

அம்மன் கோயில் வாசல்

வேலாயுதம் சார் மட்டும் ஆபீஸ் பக்கமே வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் சொன்னார். பஸ் நின்றதும் அக்காவைப் பார்த்துவிட்டாராம். செருப்பு விடுகிற இடத்தில், கையில் டிபன் கேரியரோடு நின்றிருக்கிறார் அக்கா. இவர் இறங்கப் போகும்போது வாசலில் கைடுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், கையில் ஃபைலோடு ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஃபைலில் நம் ஃபாரம் இருக்கும், அதில் உறவுக்காரர் யாரும் இல்லை என்று நம் கையெழுத்து இருக்கும் என்று இவர் மனசில் ஓடியிருக்கிறது. இப்போது ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால், இவள் யார் என்று கேட்பார்கள். நான் சாயங்காலம் கப்பல் ஏறிவிடுவேன், அவள் இங்கேதானே இருக்க வேண்டும் என்று யோசித்தாராம்.

இவர் தலையை லேசாக, வேண்டாம் என்கிற மாதிரி அசைத்திருக்கிறார். அந்த ஊரில் அறுபது வருடம் இருந்தவருக்கு அது போதுமாக இருந்தது. தீபாராதனை நேரத்தில் இரண்டு பேரும் இரண்டு கை தூரத்தில் நின்று அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அக்கா குங்குமம் வாங்கிக்கொண்டு, கேரியரைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாப்பாட்டுப் பொட்டலத்துக்குத் தலை எண்ண வந்தவராகக்கூட இருக்கலாம்.

தப்பு என்னுடையதுதான் சார், நீங்கள் கேட்டபோதே மாற்றி எழுதியிருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடுங்கள், அடுத்த தடவை உண்மையை எழுதியே போகலாம் என்றேன். ஒரு தடவை இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இப்போது இருக்கிறாள் என்று எழுதினால் கேள்வி அவளிடம்தான் போகும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது. காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “நீ எழுதுனப்ப அது பொய்யிதான் பாப்பா. நான்தான் போயி அத உண்மையாக்கிட்டு வந்துட்டேன்.”

இப்போதெல்லாம் எங்கள் கவுண்டரில் ஃபாரம் நிரப்ப பேனா மட்டும்தான் கொடுக்கிறோம், தொழில் அனுபவம் கொடுப்பதில்லை.